மலையக நூதனசாலைகளில் என்ன நடக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பார்க்க ஒரு வழிகாட்டி

நூதனசாலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஸ்கூல் ட்ரிப்தான். வரிசையாகப் போனோம், கண்ணாடியில் கை வைக்காதே என்று டீச்சர் சத்தம் போட்டார், பெயர்ப்பலகையில் இருந்ததை அவசர அவசரமாகக் கொப்பியில் எழுதினோம், வெளியே வந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டோம், சரி, முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இந்த இடங்கள் வருஷம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருப்பதில்லை. தற்காலிகக் கண்காட்சி வைக்கிறார்கள், பேச்சு நடத்துகிறார்கள், பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டியும் கைவேலைப் பயிற்சியும் நடக்கிறது, சில இடங்களில் தப்பு அடிப்பதும் கூத்தும்கூட உண்டு. நமக்கு அது தெரிய வருவது எல்லாம் முடிந்த பிறகு, யாராவது பேஸ்புக்கில் படம் போடும்போதுதான்.

இதற்கு யாரையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. சின்ன இடங்களில் காசு எப்போது கைக்கு வரும் என்று அவர்களுக்கே தெரியாது, அதனால் திகதி கடைசி நேரத்தில்தான் முடிவாகும். முடிவானதும் ஒரு தாள் அடித்து வாசலில் ஒட்டுவார்கள், அதுவும் பெரும்பாலும் முதலில் சிங்களத்தில். டவுனில் இருப்பவர் கண்ணில் பட்டால் பட்டது, தோட்டத்தில் இருப்பவர் கண்ணில் எப்படிப் படும்? ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அறிவித்தல் வரும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கோல் எடுத்துக் கேளுங்கள். எங்கே கேட்பது, எப்போது கேட்பது, என்ன கேட்பது என்பதுதான் கீழே இருக்கிறது.

முதலில், எந்தெந்த இடங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இரண்டு இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம்.

கண்டி டவுனுக்கு வருகிறவர்களுக்கு மிகவும் சுலபமானது கண்டி தேசிய நூதனசாலை. தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே, கண்டி அரசர் காலத்து அரண்மனை வளாகத்துக்குள், அரசிகள் இருந்ததாகச் சொல்லப்படும் பல்லே வாசல கட்டடத்தில் 1942இலிருந்து இயங்குகிறது. நகை, ஆயுதம், தந்த வேலை, ஏட்டுச்சுவடி என்று கண்டி இராச்சியத்தின் கடைசி இருநூறு வருஷங்கள் அங்கே இருக்கின்றன. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் பிரதியும் அங்கே உண்டு. அதில் கையெழுத்துப் போட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது ரொம்பக் காலமாக நடக்கிற பேச்சு, போனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று நீங்களே ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கடைசி அரசன் நாயக்கர் வம்சத்தவர், கண்ணுசாமி என்ற இயற்பெயரோடு வந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாகி, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வைத்தால் அந்த அறைகளில் அவர்களுக்கு அலுப்புத் தட்டாது. பக்கத்திலேயே பழைய கச்சேரிக் கட்டடத்தில் 2011இல் திறந்த சர்வதேச பௌத்த நூதனசாலையும் இருக்கிறது. நேரம் இருந்தால் போங்கள், ஒரே நாளில் இரண்டையும் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பது கஷ்டம்.

கண்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் அளவில் ஹந்தானையில் இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, அது. வேலை நின்று வெறுமனே கிடந்த கட்டடத்தைத் திருத்தி 2001இல் திறந்தார்கள். பழைய எஞ்சின்கள், கொழுந்து உருட்டும் இயந்திரங்கள், லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள் எல்லாம் தட்டுத் தட்டாக வைத்திருக்கிறார்கள், மேல் தட்டில் தேநீர் குடிக்கலாம். இயந்திரம் பிடித்தவர்களுக்கு நல்ல இடம். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனால் மனம் நிறையாது, அதற்கு வேறு இடம் இருக்கிறது.

அந்த வேறு இடம் கம்பளைப் பக்கம், ராஜதலாவ, பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்தது. பழைய லயத்தையே, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருந்த வரிசை வீட்டையே, நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள், அதுதான் அதன் பெருமை. லயம் பார்க்கவா இவ்வளவு தூரம் போக வேண்டும், நம் வீடே லயம்தானே என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா அறையில் ஒரு முழுக் குடும்பம் எப்படி இருந்தது, அடுப்பு எங்கே, படுக்கை எங்கே, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையில் யார் படுத்தார்கள் என்பதை அடுத்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டி வரும்போதுதான் நாமே அதை முதல் தடவை ஒழுங்காகப் பார்க்கிறோம். வேலைக்கருவி, வீட்டுச் சாமான், வாத்தியம், பழைய பத்திரங்கள் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலையகப் பிள்ளைகளை முதல் தடவை ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் நான் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கடுகண்ணாவையில் ரயில்வே நூதனசாலை, இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருஷம் ஆனதை ஒட்டி 2014 டிசம்பரில் திறந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ரயிலில் போய் இறங்கிப் பார்ப்பதே தனிச் சந்தோஷம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் தொல்லியல், புவிச்சரிதவியல் பக்கத்துச் சேகரிப்புகள் இருக்கின்றன, அவை மாணவர்களுக்காக வைத்தவை என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. கன்னொறுவையில் விவசாய நூதனசாலை, ஹோர்ட்டன் சமவெளியில் ஃபார் இன் கட்டடத்தில் இயற்கை பற்றிய ஒரு சின்னக் காட்சியகம், மலைக்குக் கீழே இரத்தினபுரியில் எஹெலபொல வளவில் ஒரு தேசிய நூதனசாலை. இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவது, எந்த மாதத்தில் விசாரிப்பது

நிகழ்ச்சிகளின் திகதி பிந்தி அறிவிக்கப்பட்டாலும் அவை எந்த நாட்களை ஒட்டி வரும் என்பது வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஜனவரி 10 முல்லோயா கோவிந்தனின் நினைவு நாள். ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் 1940இல் பொலிஸ் சுட்டு இறந்தவர். அந்த நாளை மலையகத் தியாகிகள் தினமாகத் தொழிற்சங்கங்களும் சிவில் அமைப்புகளும் நினைவுகூருகின்றன. படக் கண்காட்சி, பேச்சு இருந்தால் இந்த நாளை ஒட்டித்தான் இருக்கும். மாசி மாதம் மன்மதன், ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துக் காலம். இது நூதனசாலை நிகழ்ச்சி இல்லைதான், தோட்டத்துக் கோயில் நிகழ்ச்சி, ஆனாலும் கூத்தைப் பதிவு செய்கிறவர்கள், ஆவணப்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஓடித் திரிவது அப்போதுதான், அவர்களோடு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டால் அப்புறம் வருஷம் முழுக்க உங்களுக்குத் தகவல் வரும்.

ஏப்ரல் 18 உலக மரபுரிமைகள் தினம். கண்டி நகரம் 1988இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது என்பதால் கண்டியில் அதை ஒட்டி ஏதும் ஏற்பாடா என்று கேட்க நல்ல சாட்டு. ஆனால் சித்திரைப் புதுவருஷ லீவு அதற்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் ஒரு கிழமை தள்ளிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

மே மாதத்தைத் தவற விடாதீர்கள். மே 18 சர்வதேச நூதனசாலைகள் தினம், உலகம் முழுக்க 1977இலிருந்து கொண்டாடுகிறார்கள். இலவச அனுமதி உண்டா, சிறப்புக் கண்காட்சி உண்டா, பொதுவாகப் பூட்டி வைத்திருக்கும் சேகரிப்பு எதையாவது திறந்து காட்டுவார்களா என்று கேட்க வருஷத்தில் இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மூன்று நாள் கழித்து மே 21, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச தேயிலை தினம். டிசம்பர் 15ஐத் தேயிலை தினமாகத் தொழிலாளர் அமைப்புகள் அதற்கு முன்பிருந்தே அனுசரிக்கின்றன. ஆக ஒரே தேயிலைக்கு வருஷத்தில் இரண்டு நாள், ஒன்றில் தேயிலைக் கம்பனிகளின் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மற்றதில் கொழுந்து எடுக்கிறவர்களின் பேச்சு. இரண்டுக்கும் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தானே தெரியும்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கண்டியில் எசல பெரஹெரா. அந்தப் பத்து நாளும் வீதி மூடியிருக்கும், கூட்டம் நெரியும், தங்க இடம் கிடைக்காது. பெரஹெரா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் வேறு விஷயம், நூதனசாலைக்கென்று அந்த நேரத்தில் கண்டிக்கு வராதீர்கள். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், அந்த மாதம் முழுக்கத் தேசிய வாசிப்பு மாதம். நூதனசாலை தூரம் என்றால் உங்கள் பிரதேச சபை நூலகத்தில் கேளுங்கள், வாசிப்பு மாதத்தில் பழைய பத்திரிகை, பழைய புத்தகம், ஊர்ப் படங்கள் என்று சின்னதாகக் கண்காட்சி வைக்கிற நூலகங்கள் இருக்கின்றன. டிசம்பர் 27 இலங்கையில் 1864இல் முதல் ரயில் ஓடிய நாள், கடுகண்ணாவைக்குப் போக ஆசை இருந்தால் அந்தக் கிழமையை ஒட்டி விசாரியுங்கள், ஸ்கூல் லீவும் சேர்ந்துவரும்.

இந்த நாட்களுக்கு மூன்று கிழமைக்கு முன் விசாரிக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். அதற்கு முன் கேட்டால் அவர்களுக்கே தெரியாது, அதற்குப் பிந்தினால் இடம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, கோல் எடுத்துக் கேட்பது

அரசாங்க நூதனசாலைகளின் இலக்கம் கையில் இல்லை என்றால் 1919க்கு அடியுங்கள், அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம், எந்தத் திணைக்களத்தின் எந்த அலுவலகம் என்று சொன்னால் இலக்கத்தைத் தருவார்கள். இணையத்தில் இருக்கும் திறக்கும் நேரத்தை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். கிழமைக்கு எந்த நாள் மூடுவார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறு, இடைக்கிடை மாறுவதும் உண்டு, திருத்த வேலை என்று மாதக்கணக்கில் ஒரு பகுதியைப் பூட்டி வைப்பதும் உண்டு.

கோல் எடுக்கும்போது நேரம் முக்கியம். காலையில் ஒன்பதரை, பத்துக்கு மேல் எடுங்கள், பகல் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தில் தமிழ் தெரியாதவர் எடுத்தால் பதறிப் போய் வைத்துவிட வேண்டாம், "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?" என்று பணிவாகக் கேட்டால் தமிழ் பேசுகிற ஒருவரைப் பெரும்பாலும் தேடித் தருவார்கள், இல்லாவிட்டால் எத்தனை மணிக்கு அவர் வருவார் என்றாவது சொல்வார்கள். தமிழ் பேசுகிறவர் கிடைத்ததும் பேச்சு இப்படிப் போகலாம்:

"வணக்கம் மிஸ், நான் தலவாக்கலையிலிருந்து பேசுறேன். அடுத்த மாசம் ஏதும் விசேஷக் கண்காட்சி, நிகழ்ச்சி இருக்குங்களா?"

"இன்னும் லெட்டர் வரல்ல தம்பி, ரெண்டு கிழமை கழிச்சு எடுங்க."

"சரிங்க மிஸ். உங்க பேரைத் தெரிஞ்சுக்கலாமா? அடுத்த தடவை உங்களையே கேட்டுப் பேசுறேன்."

அந்தக் கடைசிக் கேள்விதான் விஷயம். பெயர் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்த தடவை கதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதோடு இதையும் கேட்டுவிடுங்கள்: கண்காட்சி கடைசியாக எந்தத் திகதி வரைக்கும், டிக்கட் எவ்வளவு, மாணவருக்குக் குறைவா, படம் எடுக்கலாமா, தமிழில் விளக்கம் சொல்ல ஆள் உண்டா, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அல்லது முழங்கால் வலிக்கிற பாட்டிக்குப் படி ஏறாமல் பார்க்க வழி உண்டா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள், கோல் வைத்த பிறகு ஞாபகம் வருகிற கேள்விதான் எப்போதும் முக்கியமான கேள்வியாக இருக்கும்.

தமிழில் விளக்கம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது யாரும் செய்கிற உபகாரம் இல்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை. "நாங்கள் இருபது பேர் வருகிறோம், தமிழில் சொல்ல ஒருவரை ஒழுங்கு செய்தால் நல்லது" என்று ஒரு கிழமைக்கு முன் எழுத்தில் கேட்டால், ஏற்பாடு செய்யக்கூடிய இடங்கள் செய்கின்றன. போய் நின்றுகொண்டு கேட்டால் ஆள் லீவு என்பார்கள்.

நாலாவது, நாள் குறிப்பது

தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல் இதுதான். நமக்குக் கிடைப்பது ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி லீவும். அரசாங்க இடங்களில் சில அந்த நாட்களில்தான் மூடுகின்றன, திறந்திருக்கிற இடங்களிலும் போயாவில் கண்டி டவுன் பக்கம் வெள்ளைச் சட்டைக் கூட்டம் நிரம்பி வழியும். ஆகவே கோல் எடுக்கும்போது முதல் கேள்வியே "ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா" என்பதாக இருக்கட்டும். இல்லை என்றால் ஸ்கூல் லீவில் வேலைநாள் ஒன்றைப் பார்த்து, பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது நடைமுறைக்குச் சரிவரும். மாதத்தில் எந்தக் கிழமை என்று கேட்டால், 10ஆம் திகதி சம்பளத்துக்கு அடுத்து வருகிற நாள்தான் நல்லது, 25க்கு அட்வான்ஸ் வருகிறது என்று நம்பி மாதக் கடைசியில் திட்டம் போட்டால் பஸ் காசுக்கே இழுபறி.

மழையையும் பாருங்கள். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்தை நனைக்கும், டிசம்பர், ஜனவரியில் பதுளைப் பக்கத்துக்கு அதே பாடு. நூதனசாலைக்குள் மழை இல்லைதான், ஆனால் போகிற வழியில் மண்சரிவு வந்தால் இரவு வரை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் போனில் சேமித்து வையுங்கள். மலைப் பாதை ரயில் ஓடுகிறதா என்பதையும் முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுவது நல்லது.

போக்குவரத்தில் இன்னொரு விஷயம். கண்டி டவுனுக்குள் இருக்கும் இடங்களுக்கு நடந்தே போகலாம். ஹந்தானைக்கும் ராஜதலாவைக்கும் கடைசித் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டி வரும், ஏறும் முன் போகவர இரண்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள், திரும்பி வர அங்கே ஆட்டோ நிற்காது.

ஐந்தாவது, கூட்டமாகப் போவதானால்

ஸ்கூல், அறநெறிப் பாடசாலை, இளைஞர் கழகம், மாதர் சங்கம் எதுவாக இருந்தாலும் தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது: உங்களுக்காகவே ஒரு நிகழ்ச்சியை ஒழுங்கு செய்யச் சொல்லலாம். நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் யாராவது ஒருவர் வந்து நின்று பேசுவார், ஒருவர் தனியாகப் போனால் அது கிடைக்காது.

அதிபர் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். வரும் திகதி, அது முடியாவிட்டால் இரண்டாவது திகதி, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, கூட வரும் ஆசிரியர்கள், பொறுப்பானவரின் போன் இலக்கம், தமிழில் விளக்கம் வேண்டும் என்ற வேண்டுகோள், பகல் பார்சல் சாப்பிட இடம் கிடைக்குமா என்ற கேள்வி, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும் என்பதால் நூதனசாலையின் பதில் வரும் வரை அதை வைத்திருக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று, ஒரு நாளில் ஐந்து இடம் என்று போடாதீர்கள். காலை தலதா மாளிகை, அப்புறம் நூதனசாலை, அப்புறம் பேராதனைப் பூந்தோட்டம், அப்புறம் பின்னவல யானை என்று ஓடுகிற ட்ரிப்பில் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கப் போவது யானையும் வாந்தியும் மட்டும்தான். ஒரு நூதனசாலை, ஒரு திறந்த வெளி, போதும்.

உள்ளே போன பிறகு

தலதா மாளிகைப் பக்கத்து இடங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, கழற்ற லேசான செருப்பு. பாதுகாப்புச் சோதனை இருக்கும், பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள், உள்நாட்டவர் டிக்கட்டுக்கும் வெளிநாட்டவர் டிக்கட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பது இந்த நாட்டில் எங்கேயும் பிரச்சினை, பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். பிளாஷ் போடாமல் எடுங்கள், பழைய துணிக்கும் ஏட்டுக்கும் அந்த வெளிச்சம் கூடாது.

பார்க்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் பெயர்ப்பலகையையும் வாசித்து முடிக்க வேண்டும் என்று வெறி பிடித்து நடக்காதீர்கள். சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, மூன்று சாமானைத் தெரிந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் நில்லுங்கள். தொழிலாளர் நூதனசாலையில் தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி ஒன்றைப் பார்த்தால், பிடியைப் பாருங்கள், எந்தப் பக்கம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் எங்கே அழுந்தியிருக்கும், அலகு எத்தனை தடவை தீட்டித் தீட்டிக் குறுகியிருக்கும், அதைப் பிடித்தவர் வலது கையா இடது கையா. கூடப் போன தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த இடத்தில் அவர்களிடம் பேச்சைக் கொடுங்கள், அப்புறம் நீங்கள் வாயைத் திறக்கத் தேவையில்லை. கொழுந்து எடுக்க மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை எப்படி வைப்பது, இடுப்பில் படங்குச் சாக்கை எப்படிக் கட்டுவது, காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் கங்காணி எப்படிப் பேர் கூப்பிட்டார், பிந்தி வந்தால் என்ன நடந்தது என்று பலகையில் எழுதாத எல்லாம் வரும். அதைப் போனில் பதிவு செய்யுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

தேயிலை நூதனசாலையில் நேர்மாறாகச் செய்யலாம். இயந்திரத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அப்புறம் நீங்கள் கேளுங்கள், இந்த ரோலரில் வேலை செய்தவர் யார், ராத்திரி வேலை எத்தனை மணிக்கு, ஸ்டோரில் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று. பதில் தெரியாவிட்டாலும் கேள்வி அங்கே பதியட்டும்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு சாமான் கண்காட்சிக்குப் போவதானால்

1823இல் கம்பளை சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணுகிற மலையக மக்களின் 200 வருஷ வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த பிறகு, பழைய சாமான், பழைய படம், பழைய காகிதம் என்று தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கண்காட்சிக்கு வீட்டுச் சாமானைக் கேட்டு வருவார்கள். கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் யாருக்கு, எப்படி என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

இரவல் என்றால் எழுத்தில் வாங்குங்கள். என்ன சாமான், எந்த நிலையில் கொடுத்தீர்கள், எந்தத் திகதியில் திரும்பும், யார் பொறுப்பு என்று ஒரு தாள், இரண்டு பக்கமும் கையெழுத்து. கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பித்தளைச் செம்பைப் பளபளவென்று புளி போட்டுத் தேய்த்துக் கொடுக்காதீர்கள், தப்பின் தோலுக்கு எண்ணெய் பூசாதீர்கள், இருக்கிறபடியே கொடுங்கள். அந்தக் கறுப்பும் கறையும் சேர்ந்ததுதான் சாமான், சுத்தமாக வேண்டுமென்றால் கடையில் புதிதாக வாங்கலாமே.

காகிதத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, எதையும் மூலத்தைக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் எடுத்துப் பிரதியைக் கொடுங்கள். 1948இல் பிரஜாவுரிமை போனதும் அதற்குப் பிறகு 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் யார் இந்தியாவுக்குப் போவது யார் இருப்பது என்று பங்கு போட்டதும் நமக்குத் தெரியும், பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டத்துக்குப் பிறகும் ஒரு பிள்ளையின் அடையாள அட்டைக்குத் தாத்தாவின் அந்தத் தாளைத் தேடி அலைந்த வீடுகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலம் உங்கள் தகரப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பழைய குடும்பப் படத்தைக் கொடுத்தால், படத்தில் யார் யார் என்று பெயரை எழுதிக் கொடுங்கள். பெயரில்லாமல் போனால் "தோட்டத் தொழிலாளர் குடும்பம், ஆண்டு தெரியாது" என்று எழுதித் தொங்கவிடுவார்கள். அம்மாயி யார் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

வெளியே வரும் முன்

வாசலில் வருகையாளர் புத்தகம் இருக்கும், பெரும்பாலானவர்கள் பெயரைக் கிறுக்கி "மிக நன்று" என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீங்கள் தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில், ஊரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: எந்தக் காட்சிக்குத் தமிழில் பலகை இல்லை, எந்தப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தது, எந்த நாளில் திறந்திருந்தால் உங்களால் மறுபடியும் வர முடியும். பிழையைச் சொல்லும்போது சரியான வடிவத்தையும் கூடவே எழுதிவிடுங்கள், திருத்துகிறவருக்கு வேலை மிச்சம். அடுத்த வருஷக் காசு கேட்டு எழுதும்போது அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள், அதில் தமிழ் வரிகள் இல்லாவிட்டால் தமிழ் ஆட்கள் வருவதில்லை என்றுதான் கணக்கு வரும்.

கவுண்டரில் இருப்பவரிடம் உங்கள் இலக்கத்தைக் கொடுத்து, அடுத்த நிகழ்ச்சிக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். பதிலுக்கு உங்கள் தோட்டத்துக் கூத்து நாளையும் தேர் நாளையும் அவருக்குச் சொல்லி வையுங்கள், வர விருப்பமாக இருந்தால் வரட்டும்.